காட்டும் எண்ணும் உண்மை அளவும்



பௌதிக ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையிலெடுத்துப் பார்க்காத மாணவர் உங்களுள் இரார். முதன்மை அளவுகோலில் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வீர்கள். பிறகு வெர்னியர் அளவுகோலின் எந்தக் கோடு அதனோடு ஒன்றிப் பொருந்துகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பீர்கள். அதை மீச்சிற்றளவால் பெருக்கிச் சேர்த்து, சுழித்திருத்தமும் செய்து விடை காண்பீர்கள். பியேர் வெர்னியர் என்னும் கணித அறிஞர் 1631ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை இது. அவர் அதை அமைத்தது கோணம் அளக்கும் கருவிக்காக. 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் என்பவர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் வெர்னியர் அளவியைச் செய்தார். அதன் பின்னரே அது பட்டறைத் தொழிலாளியின் கைக்கு எட்டும் பொருளாயிற்று.

இன்று கடைத்தெருவில் டிஜிட்டல் காலிப்பர் என்ற பெயரில் வேறொரு அளவி கிடைக்கிறது. அதில் கோட்டைத் தேட வேண்டியதில்லை. தாடைகளுக்கு நடுவே பொருளை வைத்ததும், சிறு சாளரத்தில் 12.37 என்று எண் தோன்றிவிடுகிறது. இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோட்டைத் தேடிப் படித்த காலத்தில், ‘இந்தக் கோடா, அடுத்த கோடா?’ என்ற தயக்கம் அளப்பவர் மனத்தில் எழும். அத்தயக்கம் அவரை இன்னொரு முறை அளக்கச் செய்தது. எண் தானே தோன்றும் கருவியில் அந்தத் தயக்கத்திற்கு இடமில்லை. இதனால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

கோவை வட்டாரத்தில் கிணற்று மோட்டார்களைப் பழுது பார்க்கும் பட்டறைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில், என்னிடம் முன்பு தொழில் பயின்ற இளைஞன் ஒருவன் கடைசல் வேலை செய்து வந்தான். கோடைக்காலத்தில் ஒரு நாள் வேறு காரியமாக அப்பக்கம் போன நான், அவனைப் பார்க்க நுழைந்தேன். பட்டறைத் திண்ணையில் முதியவர் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வாழைத் தோட்டத்து மோட்டார்தான் உள்ளே கழற்றிக் கிடந்தது. நான்கு நாட்களாகத் தண்ணீர் பாயவில்லையாம். “சாயங்காலம் ஆயிருமுன்னு சொன்னாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் உள்ளே எட்டிப் பார்த்தார்.

மோட்டாரின் தண்டில், பேரிங் அமரும் இடம் தேய்ந்து போயிருந்தது. அங்கே வெல்டிங் மூலம் உலோகத்தை ஏற்றி, லேத்தில் கடைந்து, பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பேரிங் 6204 என்னும் எண்ணுடையது. உள் விட்டம் 20 மில்லிமீட்டர், வெளி விட்டம் 47, அகலம் 14. உலகில் யார் செய்தாலும் இந்த எண்ணுக்கு இந்த அளவுகள்தாம். அதன் உள் வளையம் தண்டை இறுகப் பற்ற வேண்டுமானால், தண்டின் விட்டம் 20.002 மில்லிமீட்டருக்கும் 20.011 மில்லிமீட்டருக்கும் இடையில் இருப்பது முறை. இடைவெளி வெறும் 0.009 மில்லிமீட்டர். நாம் எழுதும் சாதாரணக் காகிதத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்றால், இந்த இடைவெளி எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

அவ்விளைஞன் கடைந்து, அளந்து, மீண்டும் கடைந்தான். காலிப்பர் 20.05 என்று காட்டியது. இன்னும் 0.04 எடுக்கவேண்டும் என்று முடிவு செய்து, மெல்லிய செதிலாக எடுத்தான். பின்னர் 20.01 என்று காட்டியது. மகிழ்ச்சியோடு லேத்தை நிறுத்தி, பேரிங்கை எடுத்துத் தண்டில் வைத்தான். அது சுத்தியல் தட்டுக்கோ அழுத்தத்திற்கோ காத்திராமல், கட்டைவிரல் தள்ளியவுடனே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அவன் முகம் வெளுத்துவிட்டது. அவ்வாறு தளர்ந்த பேரிங்கோடு மோட்டாரை ஓட்டினால், உள் வளையம் தண்டின் மேல் சிறிது சிறிதாக நழுவிச் சுழன்று, சூடேறி, தண்டையே அரித்துவிடும்.

“ஐயா, கருவி 20.01 என்றுதானே காட்டியது?” என்றான்.

காலிப்பரை வாங்கித் தாடைகளை மூடினேன். 0.00 என்று காட்ட வேண்டிய இடத்தில் 0.04 என்று நின்றது. சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது, ஒன்றையொன்று முழுதும் தொடவேண்டிய தாடைகளுக்கிடையே ஒளிக் கீற்று ஒன்று தெரிந்தது. எண்ணெய்ப் பசையோடு ஒட்டிய ஓர் இரும்புத் துணுக்கு, ஒரு தாடையின் முகத்தில் இருந்தது. காலையில் அவன் சுழி வைத்தபோது அது இல்லை; வேலையின் நடுவே எப்போதோ வந்து ஒட்டியிருக்கிறது. அதனால் 20.01 ஆக இருந்த தண்டு 20.05 ஆகத் தோன்றியது. சரியாக இருந்த தண்டைத்தான் அவன் 19.97க்குக் குறைத்துவிட்டான். தண்டு பெரிதாக நின்றிருந்தால் இன்னும் ஒரு முறை கடையலாம். குறைந்த உலோகத்தை ஒட்டவைக்க, மறுபடி வெல்டிங், மறுபடி கடைசல். திண்ணையில் இருந்த பெரியவரிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்தது. அவர் கோபிக்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி பேருந்துக்கு நேரமாகிறது என்று நடந்தார். அவர் கோபித்திருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

துணுக்கைத் துடைத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அங்கே தவறு இரண்டு. முதலாவது கண்ணுக்குத் தெரிந்த துணுக்கு. இரண்டாவது, அந்த வேலைக்கு அந்தக் கருவியையே எடுத்தது. இதை விளக்க, கருவியின் உள்ளே நடப்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

சாதாரண டிஜிட்டல் காலிப்பரின் நீண்ட சட்டத்தின் மேல், எண்கள் அச்சிட்ட ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அதன் அடியில் செப்புத் தகடுகள் வரிசையாகப் பதிந்துள்ளன. நகரும் பகுதியின் அடியிலும் அவ்வாறே தகடுகள் உண்டு. இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே நகரும்போது, அவற்றிடையே மின்தேக்குத் திறன் ஏறி இறங்கி மாறுகிறது. மின்தேக்கியைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதே தத்துவம்தான். அந்த மாறுதலை ஒரு சிறு மின்னணுச் சில்லு கணக்கிட்டு, நகர்ந்த தூரத்தை எண்ணாகக் காட்டுகிறது. இதிலிருந்து ஒன்று விளங்கும். கருவி அறிவது நகரும் பகுதி எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே. தாடையில் அழுக்கு இருக்கிறதா, தாடை சாய்ந்திருக்கிறதா, பொருள் கோணலாக நிற்கிறதா என்பன அதற்குத் தெரியா.

இனி, 0.01 மில்லிமீட்டர் வரை எண் காட்டுவதும் 0.01 மில்லிமீட்டர் வரை உண்மையாக அளப்பதும் ஒன்றல்ல. எண்ணின் கடைசி இலக்கம் எவ்வளவு சிறியது என்பது ஒரு செய்தி. அந்த எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பது வேறு செய்தி. 150 மில்லிமீட்டர் வரை அளக்கும் நல்ல காலிப்பருக்கே, கூடுதலாகவோ குறைவாகவோ 0.02 மில்லிமீட்டர் வரை பிழை இருக்கலாம் என்று செய்தவர்களே தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். மலிவான கருவிகளில் 0.03 என்றும் காணலாம். இந்தத் தாளை எவரும் படிப்பதில்லை, பெட்டியோடு எறிந்துவிடுகிறோம். அச்சிறு தாளில் இருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள் என்பது என் எண்ணம்.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலையில் அனுமதிக்கும் இடைவெளி எவ்வளவோ, கருவியின் பிழை அதில் பத்தில் ஒரு பங்காக இருப்பது நலம். நாலில் ஒரு பங்கை மீறலாகாது. மோட்டார் தண்டுக்கு அனுமதித்த இடைவெளி 0.009. காலிப்பரின் பிழையோ 0.02. அதாவது, துணுக்கே இல்லாதிருந்தாலும், அந்தத் தண்டு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல அந்தக் கருவிக்குத் தகுதியில்லை. அங்கே வேண்டியது மைக்ரோமீட்டர். பள்ளியில் நீங்கள் திருகு அளவி என்று படிக்கும் கருவியின் பட்டறை வடிவம். 25 மில்லிமீட்டர் வரை அளக்கும் நல்ல மைக்ரோமீட்டரின் பிழை 0.002 அளவில் அடங்கும். மறுநாள் இளைஞன் காலிப்பரால் 20.10 வரை கொண்டுவந்துவிட்டு, அதற்கு மேல் மைக்ரோமீட்டரை எடுத்தான். பேரிங் இறுக்கமாக ஏறியது. 0.1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டுக்கொடுக்கக்கூடிய வேலைகளில் காலிப்பர் நல்ல தோழன். ஆணி, திருகு, தகடு, குழாய், மரவேலை, நீங்கள் கல்லூரியில் செய்யும் மாதிரிகள் ஆகிய இவற்றிற்கெல்லாம் அது போதும்.

காலிப்பருக்கு இந்தக் குறை ஏன்? 1890ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு விதியை எடுத்துக்காட்டினார். அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் பிழை மிகக் குறையும் என்பது அது. மைக்ரோமீட்டரில் அப்படியே இருக்கின்றன. காலிப்பரில் அளவுகோல் சட்டத்தில் இருக்கிறது. பொருளோ கீழே, தாடைகளின் நடுவில். நகரும் தாடை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு மட்டும் சாய்ந்தாலும், சட்டத்திலிருந்து 40 மில்லிமீட்டர் கீழே 0.01 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பிழை வந்துவிடுகிறது. ஆகவே பொருளைத் தாடை நுனியில் பிடிக்காமல், இயன்றவரை சட்டத்தின் அருகே வைத்துப் பிடியுங்கள். கட்டைவிரலால் இறுக்கி அழுத்துவதும் இதே சாய்வைத்தான் உண்டாக்கும். மெல்லிய, மாறாத அழுத்தமே வேண்டும். அது எவ்வளவு என்று வானொலியில் சொல்லிக் காட்ட முடியாது. ஒரே பொருளைப் பத்து முறை எடுத்து எடுத்து அளந்து, பத்து எண்களையும் எழுதிப் பாருங்கள். முதல் நாள் எண்கள் சிதறும். கை பழகப் பழக அவை நெருங்கி வரும்.

அளக்கும் முன் தாடைகளைச் சுத்தமான காகிதத்தின் மேல் மெல்ல மூடி, காகிதத்தை உருவி எடுத்தால் ஒட்டிய தூசு வந்துவிடும். பிறகு மூடி, வெளிச்சத்தில் பார்த்து, அதன் பின்னரே சுழிப் பொத்தானை அழுத்துங்கள். 0.04 என்று காட்டுகிற கருவியைக் கண்டதும் பொத்தானை அழுத்திச் சுழியாக்கிவிடுவது பலருக்கு வழக்கம். அது பிழையைத் திருத்துவதன்று, மறைப்பது. பொத்தானுக்கு வேறு நல்ல பயன்கள் உண்டு. ஒரே விட்டமுள்ள இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் வேண்டுமா? மேல் தாடைகளால் ஒரு துளையின் விட்டத்தை அளந்து, அந்நிலையிலேயே சுழி வையுங்கள். பின்னர் இரு துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடைப்பட்ட நீளத்தை அளந்தால், காட்டும் எண்ணே மைய தூரம். ஏன் என்பதை ஒரு படம் வரைந்து நீங்களே காணலாம்.

சிறு துளைகளை அளக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. மேல் தாடைகள் கத்தி முனைபோல் இருந்தாலும், அந்த முனைக்கும் சிறு அகலம் உண்டு. வட்டத்துக்குள் தட்டையான முனை நின்றால், விட்டத்தைத் தொடாமல் அதைவிடச் சிறிய நாண் ஒன்றைத்தான் தொடும். முனைகளின் அகலம் அரை மில்லிமீட்டர் என்று கொண்டால், 5 மில்லிமீட்டர் துளையில் 0.025 மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும். துளை பெரிதாகப் பெரிதாக இப்பிழை தேய்ந்துவிடும்.

வெப்பத்தையும் மறக்கலாகாது. நீள அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் ஊர்க் கோடையில் பட்டறையில் 38 பாகை சாதாரணம். எஃகுப் பொருளை எஃகுக் கருவியால் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக விரிவதால் தொல்லை இல்லை. ஆனால் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் நீள அலுமினியத் துண்டில் அந்த வேறுபாடு 0.02 மில்லிமீட்டர் வரும். அப்போதே லேத்திலிருந்து இறங்கிய சூடான பொருளை அளப்பதும் இத்தகைய தவறே. சுழன்றுகொண்டிருக்கும் பொருளை அளப்பதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அது கருவிக்கு மட்டுமன்று, விரலுக்கும் கேடு.

வாங்குவது எப்படி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வணிகப் பெயர்களைச் சொல்வது வானொலிக்கு முறையன்று. எனக்கும் அதில் விருப்பமில்லை. 150 மில்லிமீட்டர் அளவே மாணவருக்குப் போதும். நீளமானது பெருமைக்கு ஆகும், கைக்கு ஆகாது. பிளாஸ்டிக் தாடைகள் வளையும். துருப்பிடிக்காத எஃகுத் தாடையே வேண்டும். கடையிலேயே தாடைகளை மூடி வெளிச்சத்தில் பாருங்கள். ஒளிக்கீற்று மேலிருந்து கீழ்வரை விரிந்துகொண்டே போனால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். நகரும் பகுதி முழு நீளத்திற்கும் ஒரே சீராக ஓட வேண்டும். ஆட்டினால் தடதடவென்று அசையலாகாது. மூடித் திறந்து ஐந்தாறு முறை பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் சுழிக்குத் திரும்புகிறதா என்பது முக்கியமான சோதனை. அங்குலப் பொத்தான் இருப்பதை வேண்டாத ஆடம்பரமாக எண்ண வேண்டாம். நம் நாட்டில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. ஆனாலும் பழைய இயந்திரங்களின் அங்குலப் பாகங்கள் இன்னும் பழுது பார்க்க வருகின்றன. 19.05 என்று காட்டினால் அது முக்கால் அங்குலம் என்று உடனே ஐயுறுவது நல்ல பழக்கம்.

மலிவான காலிப்பர்களுக்கு மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். அணைத்தாலும் சாளரம் மட்டும் அணைகிறது. உள்ளே இருப்பிடத்தை நினைவில் வைக்கும் சில்லு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எப்போதும் தன் நிலையைத் தானே அறியும் உயர்ந்த வகைகள் விலை கூடியவை. அவற்றில் இத்தொல்லை குறைவு. கடையில் எல்.ஆர். 44, எஸ்.ஆர். 44 என்று ஒரே உருவமுள்ள இரண்டு மின்கலங்கள் கிடைக்கும். முன்னது ஆல்கலைன், அதன் மின்னழுத்தம் நாளுக்கு நாள் இறங்கிவரும். பின்னது வெள்ளி ஆக்ஸைடு. ஏறத்தாழ இறுதிவரை சீராக நிற்கும். சற்று விலை கூடினாலும் பின்னதையே வாங்குங்கள். எண்கள் மினுக்கத் தொடங்கினாலோ காரணமின்றித் தாவினாலோ மின்கலம் தளர்ந்துவிட்டது, அல்லது பட்டையின் மேல் எண்ணெயோ நீரோ படிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கருவி உண்மை சொல்கிறதா என்று எப்படி அறிவது? நம் நாட்டின் அளவைத் தரங்களைப் புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் காத்து வருகிறது. அதிலிருந்து படிப்படியாக இறங்கி வரும் எஃகு அளவுக்கட்டைகளைக் கொண்டு, தகுதி பெற்ற ஆய்வகங்கள் கருவிகளைச் சோதித்துச் சான்று தருகின்றன. தொழிற்சாலைக்கு அது இன்றியமையாதது. மாணவருக்கும் சிறு பட்டறைக்கும் எளிய வழி ஒன்று உண்டு. நம்பிக்கையான இடத்தில் வாங்கிய புதிய பேரிங் ஒன்று போதும். 6204இன் வெளி விட்டம் 47 மில்லிமீட்டருக்குமேல் போவதில்லை, குறைந்தாலும் 0.011க்குள் அடங்கும். சிறுவர்களின் சக்கரக் காலணியில் இருக்கும் 608க்கு வெளி விட்டம் 22.

அன்று அந்தப் பட்டறையில் மேசைமேல் புதிய 6204 பேரிங் காகிதம்கூடப் பிரிக்காமல் கிடந்தது. தண்டைக் கடைசியாகக் கடைவதற்கு முன் அதன் வெளி வளையத்தை அதே தாடைகளால் ஒரு முறை அளந்திருந்தால், 47.04 என்று காட்டியிருக்கும். இப்போது ஒரு பழைய பேரிங் அங்கே லேத்தின் தலைப்பக்கம் ஆணியில் தொங்குகிறது. தேய்ந்த பேரிங் சோதனைக்கு உதவுமா என்று அவனைக் கேட்டேன். உள்ளே குண்டுகள் தேய்ந்தால் என்ன, வெளி வளையம் தேயவில்லையே, ஐயா, மைக்ரோமீட்டரால் பார்த்துவிட்டுத்தான் தொங்கவிட்டேன் என்றான். வளையத்தின் முகத்தில் அந்த எண்ணைச் சிறு எழுத்தில் கீறியும் வைத்திருக்கிறான்: 46.993.